கோட்டுக்கு வெளியே நின்ற குழந்தைகள்

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கே செல்பவர்கள், மதுரவாயலைத் தாண்டி வானகரம், வேலப்பஞ்சாவடி என்று ஊர்கள் மாறுவதை உணர்வதேயில்லை. கடைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. ஆனால் அரசின் வரைபடத்தில் அவ்வழியில் ஒரு கோடு உண்டு. 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி தன் பரப்பை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரித்துக்கொண்டபோது மதுரவாயல் உள்ளே வந்தது. அதற்கு மேற்கே, வேலப்பஞ்சாவடியையும் திருவேற்காட்டையும் ஒட்டிய நூம்பல், திருவள்ளூர் மாவட்டத்தின் பகுதியாக வெளியே நின்றது. நேற்றுவரை வயலும் ஏரியும் சூழ்ந்த கிராமங்களாக இருந்தவை இவை. இன்று இவற்றைக் கிராமம் என்றும் சொல்ல இயலாது, நகரம் என்று சொல்லிவிடவும் முடியாது.

குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் அரசு செய்துவரும் பணிகளின் வரலாற்றை எழுத முற்படும்போது, நாம் இத்தகைய ஓர் ஊரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழகத்தின் சத்துணவு வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. தியாகராயர், காமராசர், எம்.ஜி.ஆர். என்று ஒரு வரிசை. அது பொய்யான வரலாறன்று. அவ்வரிசையோடு வேறொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஒவ்வொரு திட்டமும் பிறக்கும்போதே ஒரு கோட்டையும் வரைந்துகொண்டுதான் பிறந்தது. ஊர் எல்லைக் கோடு, வயதுக் கோடு, எடைக் கோடு, பிரசவ எண்ணிக்கைக் கோடு என்று அவை பலவகை. அடுத்து வந்த திட்டம், முந்தைய கோட்டுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே அழைத்துக்கொண்டது. கூடவே தனக்கென ஒரு புதிய கோட்டை வரைந்தது. நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் கதை இதுதான்.

அமுதசுரபியும் கஞ்சித் தொட்டியும்

பசிக்குச் சோறிடுவதை அறத்தின் உச்சியில் வைத்த மொழி நம்முடையது. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபிக்கு வயதும் ஊரும் தெரியாது. வாங்கும் கை இருக்கும்வரை அது சுரந்துகொண்டிருந்தது. அக்காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்படும் காதையொன்றும் உண்டு. அரசனின் தண்டனைக் கூடம் அன்னசாலையாவதை அங்கே காண்கிறோம். காப்பியத்தில் ஒரே காதையில் நடந்தேறிய அம்மாற்றம், நடைமுறையில் எவ்வளவு மெல்ல நடந்தது என்பதைச் சென்னை மாகாணத்தின் வரலாறு காட்டுகிறது.

1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது சென்னையில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் ஏற்பாடு ஒன்று தொடங்கியது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்ற அவ்விடத்தை ஒட்டி எழுந்த மருத்துவமனையே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. வடசென்னையின் முதியவர்கள் அதைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லக் கேட்டவர்கள் இன்றும் இருப்பார்கள். கஞ்சித் தொட்டி என்பது பஞ்ச காலத்து நிவாரணம். பஞ்சம் நீங்கினால் தொட்டியும் நீங்கிவிடும். பஞ்சமில்லாத ஆண்டிலும் அன்றாடம் பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தை ஒன்று உண்டு என்ற எண்ணம் ஆட்சியாளர்களுக்குத் தோன்ற மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1920: இரண்டு வாசல்கள்

1920-ஆம் ஆண்டில் சென்னையில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. ஒன்று, சென்னைக் குழந்தைகள் சட்டம். இந்தியாவில் இவ்வகையில் இயற்றப்பட்ட முதல் சட்டம் இது. வங்கமும் பம்பாயும் 1922-இலும் 1924-இலும் இதைப் பின்தொடர்ந்தன. குற்றம் செய்த சிறுவர்களோடு, ஆதரவற்றுத் திரியும் சிறுவர்களையும் இச்சட்டம் தன் பார்வைக்குள் கொண்டுவந்தது. அவர்களை வயது வந்தோரின் சிறைக்கு அனுப்பாமல் தனிப் பள்ளிகளுக்கு அனுப்ப அது வழிசெய்தது. நூம்பல் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில், சிறுவர் சீர்திருத்தப் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செயல்பட்டு வந்தது. தண்டனையின் கடுமை இச்சட்டத்தால் குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் வழியே அரசு ஒரு குழந்தையைச் சந்தித்த இடம் நீதிமன்றமாகவே இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மற்றொரு வாசலைத் திறந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயரின் முயற்சியால், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது ஏற்பாடு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. அந்நான்கு பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922–23-இல் 811 ஆக இருந்து 1924–25-இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இருமடங்கு. உணவுக்கும் படிப்புக்கும் உள்ள உறவை மெய்ப்பிக்க இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஆங்கில அரசு, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று கூறியது. 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் நின்றது. கல்வி வேறு, உணவு வேறு என்ற கணக்குத் தலைப்பின் கோடு அது. 1927-இல் திட்டம் மீண்டும் உயிர்பெற்று, 25 பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் ஏழைப் பிள்ளைகளைச் சென்றடைந்தது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது, இது முழுக்க மாநகராட்சியின் திட்டம் என்பதை. அதன் எல்லைக்கு அப்பால், பூந்தமல்லிச் சாலையின் கிராமங்களில், அதே பசியோடிருந்த குழந்தைக்கு அந்த ஓரணாவில் பங்கில்லை.

கிராமத்திற்கு வந்த மதிய உணவு

ஊர் எல்லைக் கோட்டை அழித்தது காமராசர் ஆட்சி. 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளி என்று ஒன்று இருக்கும் ஊர்களையெல்லாம் நோக்கிச் சென்றது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதைச் செயலாக்கியவர்களுள் முதன்மையானவர். அரசின் கருவூலம் முழுச் சுமையையும் தாங்கும் நிலையில் இல்லாததால், தொடக்கத்தில் ஊராரின் நன்கொடையே இதற்கு அடித்தளமாயிற்று. அரிசியும் விறகும் காய்கறியும் ஊரிலிருந்தே வந்தன. பின்னர் அரசு ஒரு பங்கும் உள்ளூர் ஒரு பங்கும் ஏற்பது என்ற முறை வந்தது. 1961 முதல் அமெரிக்க நிவாரண அமைப்பான ‘கேர்’ உணவுப் பொருள்களை அளித்தது. அந்தத் தலைமுறையினர் பலருக்கு மதிய உணவென்றாலே பால்பவுடரின் மணந்தான் நினைவுக்கு வரும்.

ஊரின் ஈகையை நம்பிய திட்டத்திற்கு ஊரின் வளமே எல்லையாகிவிடும். விளைச்சல் பொய்க்கும் ஆண்டில் குழந்தையின் பசி மிகும். அந்த ஆண்டில்தான் நன்கொடையும் குறையும். மேலும், இத்திட்டம் பள்ளி வாசலில் நின்றது. பள்ளிக்கு வரும் வயதை எட்டாத குழந்தை, அதாவது உயிருக்கே ஆபத்து மிகுந்த வயதிலிருக்கும் குழந்தை, இதன் கணக்கில் இல்லை.

வயதும் எடையும்

அந்தக் குழந்தையை அரசு முறையாகக் கணக்கில் எடுத்தது 1975-க்குப் பிறகு. அவ்வாண்டு காந்தி பிறந்த நாளில், இந்தியா முழுவதிலும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, கருவுற்ற தாய், பாலூட்டும் தாய் ஆகிய மூவரையும் ஒரே மையத்தில் சந்திப்பது அதன் நோக்கம். துணையுணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், முன்பருவக் கல்வி, நலக் கல்வி என ஆறு பணிகள். நம் மக்கள் பால்வாடி என்று அழைத்துப் பழகிய இடம் அங்கன்வாடி என்ற பெயரைப் பெற்றது இவ்வழியில்தான். தமிழகத்தில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன.

1980-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கிய இத்திட்டத்தின் கருவி ஒரு தராசு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்திற்குச் சத்துருண்டை தருவார்கள். எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். சிக்கனமும் அறிவியலும் கூடிய முறை இது. அயல்நாட்டு வல்லுநர்கள் இதை மிகவும் பாராட்டினர். ஆனால் எடை தேறியதனால் உருண்டை நின்றுபோன பிள்ளையின் தாய்க்கு இதை விளக்கும் பொறுப்பு, அதே தெருவில் குடியிருந்த ஊட்டச்சத்துப் பணியாளரான பெண்ணின் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாண்டு கழித்து, 1982 ஜூலை முதல் நாள், திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இதற்கு நேர் எதிரான வழியைத் தேர்ந்தது. தராசு இல்லை, வந்த குழந்தைக்கெல்லாம் சோறு. இரண்டு வயது முதல் ஐந்து வரை குழந்தைகள் மையத்தில், அதற்கு மேல் ஒன்பது வயது வரை பள்ளியில். இத்தனை பெரிய செலவை ஒரு மாநிலம் தாங்காது என்று பொருளியல் வல்லுநர் பலர் எச்சரித்தனர். இளமையில் பசியறிந்தவர் ஒருவர் ஆட்சியில் இருந்ததால் எச்சரிக்கை எடுபடவில்லை என்று சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. தேர்தல் கணக்கும் இருந்தது என்று சொல்வோர் கூற்றிலும் உண்மை உண்டு. குழந்தையின் தட்டில் விழுந்த சோறு இவ்விரண்டு காரணங்களுக்கும் வேறுபாடு காட்டவில்லை.

கிராமங்களில் தொடங்கிய அத்திட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் நகரங்களுக்கும், 1984 செப்டம்பரில் பத்து முதல் பதினைந்து வயதுடைய மாணவர்களுக்கும் விரிந்தது. 1920-இல் நகரத்திற்கு உள்ளே, கிராமத்திற்கு வெளியே என்றிருந்த கோடு, இங்கே கிராமம் முதலில், நகரம் பின்பு என்று திசை மாறியதைக் காண்கிறோம். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-இல் வாரத்திற்கு ஐந்து முட்டை என்றாயிற்று. ஆட்சிகள் மாறின, ஒருவர் தொடங்கியதை மற்றவர் நிறுத்தவில்லை. தமிழக அரசியலில் இவ்வாறு சொல்லத்தக்கவை அதிகமில்லை.

சலுகையிலிருந்து உரிமைக்கு

தமிழகத்தில் இவ்வாறு வேரூன்றியதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது உச்ச நீதிமன்றம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28-இல் பிறந்த ஆணை, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தரப்பட வேண்டும் என்றது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டில் 200 நாள் என்று அளவும் சொன்னது. 2006 டிசம்பரில் அதே வழக்கில் மற்றோர் ஆணை: ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமத்தினரும் குடிசைப் பகுதியினரும் கேட்டால், மூன்று மாதத்திற்குள் மையம் திறக்கப்பட வேண்டும். 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்குச் சட்ட வடிவம் தந்தது. தலைவரின் கருணை என்று சொல்லப்பட்டு வந்தது, இனி கேட்டுப் பெறத்தக்க உரிமை ஆயிற்று.

தாய்மாருக்கான உதவியும் இவ்வாறே வளர்ந்தது. இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரும் அவ்வை இல்லத்தின் நிறுவனருமான முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித்தொகை, 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இங்கும் ஒரு கோடு: முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி. மூன்றாவதாகப் பிறந்த குழந்தை தன் வரிசை எண்ணைத் தானே தேர்ந்துகொள்ளவில்லை.

மிக அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டுமானது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. அரசு உதவிபெறும் பள்ளியின் பிள்ளை அப்போதும் வெளியே நின்றது. 2024 ஜூலை 15-இல், நூம்பல் அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில், கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிந்தது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26-இல்தான், மயிலாப்பூரில் தொடங்கி வந்தது. ஒரு சாலையின் ஒருபுறம் ஊராட்சி, மறுபுறம் நகராட்சி என்றிருக்கும் புறநகரில், ஒரே வகையான பள்ளியில் படித்த இரு குழந்தைகளுக்கிடையே இக்கோடு ஓராண்டுக்கு மேல் நின்றது.

அடுப்பின் முன் நிற்பவர்கள்

இதுவரை உண்பவர்களைப் பற்றிப் பேசினோம். சமைப்பவர்களின் கோடு வேறு. 1982-இல் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்கள் பெருமளவில் பணியில் சேர்க்கப்பட்டனர்; கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஒரு பெண்ணின் வறுமைக்கும் ஒரு குழந்தையின் பசிக்கும் ஒரே ஏற்பாட்டில் விடை தேடிய அம்முடிவு போற்றத்தக்கதே. ஆனால் அப்பெண்கள் அரசின் ஊழியர்களாகக் கருதப்படவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள் பெறுவதற்குச் சட்ட மொழியில் ‘மதிப்பூதியம்’ என்று பெயர். அன்பினால் தொண்டு செய்ய வந்தவருக்கு மரியாதைக்காகத் தரப்படுவது என்று பொருள்.

அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2022 ஏப்ரல் 25-இல், குசராத்துப் பணியாளர்கள் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்ற பெயரால் ஊதியம் ஊதியமல்லாமல் போய்விடாது என்பது அதன் சாரம். தமிழகத்தில் சத்துணவு, அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் கிடைத்தது. அந்தச் ‘சிறப்பு’ என்ற சொல்லை நீக்கி, பிற அரசு ஊழியர்களைப் போலக் காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் பல முறை வீதிக்கு வந்திருக்கிறார்கள்.

சாதிக் கோடும் இந்த அடுப்பைச் சுற்றி வரையப்பட்டதுண்டு. சமையலர் பணியில் தலித் பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று 2004-இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தடுத்த செய்தியைப் படித்தோம். வழக்குப் பதிவாயிற்று. உணவில் குற்றம் காணாமல் கையில் குற்றம் காணும் அவ்வழக்கம், பள்ளிப் பந்தியில் ஒன்றாக அமரும் குழந்தைகளால் ஒழியும் என்பதே இத்திட்டத்தை விதைத்தவர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்த்துவிட்டது என்று நாம் கருதவில்லை. தானாக நிறைவேறிவிடும் என்றும் கருதவில்லை.

மீண்டும் புறநகரில்

இவ்வளவையும் மனத்தில் கொண்டு நூம்பலையும் அதன் சுற்றுப்புறங்களையும் பார்த்தால், இன்றைய கோடு எங்கிருக்கிறது என்பது புலப்படும். சென்னையின் மேற்குப் புறநகரில் எழும் அடுக்குமாடிகளைக் கட்டுவோரில் பெரும்பகுதியினர் வெளி மாவட்டத்தாரும் வட மாநிலத்தாரும். குடும்பத்தோடு வருவோரின் பிள்ளைகள் தகரக் கொட்டகைகளில் வளர்கிறார்கள். நாற்பது குழந்தை இருந்தால் மையம் கேட்கலாம் என்ற ஆணை கிராமத்தாரையும் குடிசைப் பகுதியினரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கட்டடம் முடிந்ததும் கலைந்துபோகும் கொட்டகை வரிசை இவ்விரண்டில் எதுவுமில்லை. நாற்பது பேர் சேர்ந்து கேட்பதற்குள் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. இருபது பெண்கள் செங்கல் சுமக்கும் இடத்தில் அச்சட்டத்திற்குப் பேச்சில்லை. 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொழிற்சட்டத் தொகுப்பு, பெண்கள் என்றிருந்ததைத் தொழிலாளர் என்று விரிவாக்கியது. ஐம்பது என்ற எண்ணை விடவில்லை. ஒப்பந்தக்காரர் ஆட்களை நாலைந்து பெயரில் பிரித்துக் கணக்கெழுதினால் ஐம்பது எங்கும் எட்டாது.

இக்குழந்தைக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அரசுக்கு இல்லை என்பதுதான் இதில் குறிப்பிடத்தக்கது. சத்துமாவும், தராசும், பால்வாடியும், பள்ளியின் காலை உணவும் ஏற்கெனவே இருக்கின்றன. கொட்டகை வரை நடந்து சென்று பெயரெழுதிக்கொள்ள ஓர் ஆளும், அக்குழந்தை ஊர் மாறும்போது பதிவும் உடன் மாறும் ஒரு முறையும், பெயரெழுதச் செல்லும் பெண்ணுக்கு முறையான ஊதியமும் வேண்டும். தியாகராயரின் ஓரணாச் சிற்றுண்டி ஒரு பள்ளியில் தொடங்கியது. அதை 25 பள்ளிகளுக்கும், பிறகு எல்லாக் கிராமங்களுக்கும் கொண்டு சென்றவர்கள், வெளியே நின்றவர்களை எண்ணிப் பார்க்கத் துணிந்தவர்கள். கட்டடக் கொட்டகைகளில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எண்ணும் வேலையிலிருந்து அடுத்த திட்டம் தொடங்க வேண்டும்.